வைன் கூலரில் புடலங்காய்

அப்பாவுக்குத் திவசம் செய்ய வேண்டுமானால் அடுக்களையில் ஒரு வைன் கூலர் இருந்தாக வேண்டும் என்று தெரிந்த அன்று ஸ்ரீகண்டன் பயந்துபோனார். சிரிப்பு வரவில்லை. இது சிரிக்க வேண்டிய விஷயம் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

ஸ்ரீகண்டன் பயந்த சுபாவம். திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்க ஆபீஸில் கணக்கு எழுதி, ஒரு மெமோகூட வாங்காமல் ரிட்டையர் ஆனவர். அந்தப் பயத்துக்கெல்லாம் மூலகாரணம் அவருடைய அப்பா வெங்கடசுப்ரமணியன். காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தாயா, நனைக்காமல் வந்தாயா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அதனால் பயம் குறைந்துவிடவில்லை. முன்பு அப்பா வீட்டில் இருக்கும் நேரம் மட்டும் பயந்தால் போதும். இப்போது அவர் எந்நேரமும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை வருஷமும் திவசம் அண்ணா வீட்டில் நடந்தது. ஸ்ரீகண்டன் போய்ப் பக்கத்தில் நின்று பூணூலை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இந்த வருஷம் அண்ணா, மகள் பிரசவத்துக்காக மன்னியோடு அமெரிக்கா போய்விட்டார். போகும்போது, “நீ உன் ஃப்ளாட்டிலேயே முறைப்படி செஞ்சுடு. அப்பா வந்து பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணா அதை ஆசீர்வாதமாகத்தான் சொன்னார். ஸ்ரீகண்டனுக்கு அது சம்மன் வந்த மாதிரி இருந்தது.

ஃப்ளாட் என்பது பைபாஸ் ஓரத்தில் பத்து மாடிக்கு மேல் எழும்பி நிற்கும் ‘சக்ரவர்த்தி ஹைட்ஸ்’. ஒவ்வொரு அறையின் உத்தரத்திலும் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். திவசத்தில் ஹோமம் உண்டு. ஹோமத்தில் புகை உண்டு. ஆகவே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று ஸ்ரீகண்டன் அசோசியேஷன் ஆபீஸுக்குப் போனார். அவர் வாழ்க்கையில் செய்த பிழைகள் எல்லாமே இப்படி முன்கூட்டியே சொல்லி வைக்கப் போனதால் வந்தவைதான்.

அசோசியேஷன் பிரசிடென்ட் பகவதிப்பெருமாள், நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம் செய்து பெரிய ஆளானவர். மேஜைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“சாரே, திவசம் உம்ம சொந்தக் காரியம். அதுல அசோசியேஷன் தலையிடாது. ஆனா தீ உண்டுல்லா, அது அசோசியேஷன் காரியம்.”

“சின்ன ஹோமம்தான். நாலு சமித்து, கொஞ்சம் நெய்...”

“சின்னதோ பெரிசோ, அலாரம் அடிச்சா மேலேருந்து வெள்ளம் கொட்டும். அன்னைக்கு மட்டும் அலாரத்த நிறுத்தணும்னா என்.ஓ.சி. வேணும். என்.ஓ.சி. வேணும்னா உம்ம அடுக்களை ப்ரோஷர் மாதிரி இருக்கணும்.”

ப்ரோஷர் என்பது கட்டடம் கட்டும்போது பில்டர் அச்சடித்த வழவழப்புப் புத்தகம். அதில் ஒரு அடுக்களைப் படம் உண்டு. வெள்ளைக் கல் மேடை, மரக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழம், மேடைக்கு அடியில் நீல வெளிச்சத்தோடு ஒரு வைன் கூலர், பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண். எந்த ஊர் அடுக்களையோ, எந்த ஊர்ப் பெண்ணோ, யாருக்கும் தெரியாது. இப்போது பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து அடுக்குமாடிகளுக்கு ‘பிளாட்டினம்’ அந்தஸ்து கொடுக்கப்போகிறது. அந்தஸ்து கிடைத்தால் ஃப்ளாட் விலை ஏறும். கிடைக்க வேண்டுமானால் ஒவ்வொரு அடுக்களையும் அந்தப் படத்தைப் போல இருக்க வேண்டும்.

“அந்தப் பொண்ணு?” என்று கேட்டார் ஸ்ரீகண்டன். 

“பொண்ணு வேண்டாம். அத ஜெனரல் பாடி மீட்டிங்ல டிஸ்கஸ் பண்ணியாச்சு. வீட்டுல உள்ளவங்க சிரிச்ச முகத்தோட இருந்தா போதும்னு தீர்மானம்.”

“நாங்க... அதெல்லாம் குடிக்கற பழக்கம் இல்லையே.”

பகவதிப்பெருமாள் முன்னால் சாய்ந்தார். “குடிக்கணும்னு யாரு சொன்னா? நானே தொட்டதில்ல. அசோசியேஷன் ஒரு குடும்பத்தையும் குடிக்கச் சொல்லி நிர்ப்பந்திக்காது. குடிக்கிற வீடு மாதிரி தெரியணும். அது மட்டும்தான் ரூலு.”

ஸ்ரீகண்டன் படி இறங்கும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டார்.

வீட்டில் சுப்புலக்ஷ்மி இதைக் கேட்டுவிட்டுத் தேங்காய் துருவுவதைத் தொடர்ந்தாள். அவளுக்குப் பயம் என்பது கிடையாது. கல்யாணத்தின்போதே குடும்பத்தின் பயம் முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டதால் அவளுக்கு மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

“வாங்கிண்டு வாங்கோ. எனக்கு இன்னொரு ஃப்ரிட்ஜ் வேணும்னு பத்து வருஷமா சொல்லிண்டிருக்கேன்.”

“சுப்பு, அது ஃப்ரிட்ஜ் இல்லை. வைன்...”

“உள்ள ஜில்லுனு இருக்குமோ இல்லையோ?”

“இருக்கும்.”

“பின்னே எந்துக்குப் பேடிக்கறேள்? பயப்பட என்ன இருக்கு?”

கடைக்குப் போகும்போது ஸ்ரீகண்டன் கொரோனா காலத்து முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். எம்.ஜி. ரோட்டில் பெரிய கடை. அக்கிரகாரத்துக்காரர்கள் மிக்சி வாங்குவதும் அங்கேதான். தூண் தூணாக ஒளிந்து, வாஷிங் மெஷின் வரிசை தாண்டி, ஒரு விற்பனைப் பெண்ணிடம் போய்க் காதோடு சொன்னார். சட்டையில் சுசீலாபாய் என்று பெயர் குத்தியிருந்த அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு, அதைவிட நல்ல குரல்.

“வைன் கூலரா சார்!”

கடை முழுவதும் திரும்பிப் பார்த்த மாதிரி அவருக்கு இருந்தது. “எனக்கு இல்லைம்மா. ஒரு சினேகிதனுக்கு.”

“எல்லாரும் அப்பிடித்தான் சார் சொல்லுவாங்க. வெக்கப்படாதீங்க. சினேகிதர் செவப்பு குடிப்பாரா, வெள்ளையா?”

“ரெண்டும் இல்லை.”

“அப்ப ரெண்டும் எடுத்திருங்க. டூயல் ஸோன். மேல் தட்டு வெள்ளைக்கு, நல்லா குளிரும். கீழ் தட்டு செவப்புக்கு, கொஞ்சம் மெதுவா. பில்ட்-இன் வேணுமா, தனியா நிக்கிறது வேணுமா? தனியா நிக்கிறதுக்குப் பொறத்த காத்து போக எடம் விடணும். பில்ட்-இன்னுன்னா மேடைக்கு அடியில சொருகிரலாம், சூடு முன்னால வந்திரும்.”

ஸ்ரீகண்டன் சுற்றிலும் பார்த்தார். “கண்ணாடிக் கதவு இல்லாம கிடைக்குமா? பாத்தா வாஷிங் மெஷின் மாதிரி தெரியறதா ஏதாவது?”

சுசீலாபாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “சார், கண்ணாடி இல்லன்னா அப்புறம் என்னத்துக்கு சார் வைன் கூலரு? நாலு பேரு பாக்கத்தானே.”

அசோசியேஷன் மாதிரியே பேசுகிறாளே என்று அவருக்குத் திக்கென்றது. மேஜைமேல் வைக்கிற குட்டி மாடல் ஒன்றைக் காட்டினார். ப்ரோஷரில் மேடைக்கு அடியில்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டார். கடைசியில் பில்ட்-இன், ஒரே ஒரு ஸோன், மரத் தட்டு. பில் போடும் இடத்தில் பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அப்பாவின் கனைப்பு. திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு பாதிரியார், மிக்சி வாங்க வந்தவர். ஸ்ரீகண்டன் இரண்டாவது தேங்காயை வேண்டிக்கொண்டார்.

வாங்கியதைவிடப் பெரிய பாடு வைப்பது. பொருத்த வந்த கம்பெனிக்காரர் அடுக்களையை நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கேஸ் அடுப்புப் பக்கம் பற்றில்லா. சூடு. ஜன்னலுக்குக் கீழயும் முடியாது, வெயில். வாஷிங் மெஷின் பக்கமும் முடியாது. அது கிடுகிடுன்னு ஆடும். வைன் உறங்கணும் சாரே. ஆட்டம் வந்தா அதுக்குத் தூக்கம் போயிடும்.”

இந்த வீட்டில் தூக்கம் போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லையே என்று ஸ்ரீகண்டன் நினைத்தார்.

மிச்சம் இருந்தது ஒரே இடம். அடுக்களையின் ஈசான மூலை. மேடைமேல் சுவாமி அலமாரி. அதற்கு நேர் கீழே அரிசி டின்கள். டின்களை நகர்த்திவிட்டு அங்கே கூலரைச் சொருகினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே நீல வெளிச்சம் எரிந்தது. மேலே பிள்ளையார், அனந்தபத்மநாபன், குருவாயூரப்பன். கீழே வைன் கூலர். ஸ்ரீகண்டன் கீழேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் கூலர் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. எழுந்துகொண்டார்.

சுப்புலக்ஷ்மி கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள். மரத் தட்டுகளில் பாட்டில் படுப்பதற்காக வரிசையாகப் பள்ளம் வெட்டியிருந்தது. அவள் முகம் மலர்ந்தது.

“புடலங்காய்க்குன்னே அளவெடுத்துப் பண்ணியிருக்கான்!”

திவசத்துக்கு வேண்டிய காய்கறிகளைச் சாலைக் கம்போளத்திலிருந்து முன்கூட்டியே வாங்கியாயிற்று. பழைய ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. அதில் மிச்சச் சாதமும் தோசை மாவும் குழம்பும் இருக்கின்றன. அதனோடு சேர்ந்தால் எல்லாம் பத்து, மடி கெட்டுவிடும். திவசத்துக்கு ஆகாது. வெளியே வைத்தால் திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் ஒரே நாளில் வதங்கிவிடும். இதுவோ புத்தம் புதுசு. சமைத்த பண்டம் எதுவும் எட்டிப் பார்க்காத பெட்டி. குட்டைப் புடலங்காய்களைப் பள்ளத்துக்கு ஒன்றாகப் படுக்க வைத்தாள். அடுத்த தட்டில் வாழைக்காய், அதற்கும் கீழே பாகற்காய், சேப்பங்கிழங்கு. காலையில் பார்த்தால் எல்லாம் பறித்த பச்சையோடு இருந்தன. அறுபது வயதில் அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று ஸ்ரீகண்டன் எதிர்பார்க்கவில்லை. அவருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

தைரியம் நீடிக்காமல் பார்த்துக்கொள்ளவே அசோசியேஷன் இருக்கிறது. அடுத்த சுற்றறிக்கை வாட்ஸாப்பில் வந்தது. வைன் கூலர் காலியாக இருந்தால் செல்லாது. முன் தட்டில், கண்ணாடி வழியாகத் தெரியும்படி, ஒரு வைன் பாட்டிலாவது இருக்க வேண்டும்.

இதற்கு மதுக்கடை முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அந்த வரிசை எப்போதும் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அந்த ரோட்டில்தான் கிழக்கேகோட்டை போகிற பஸ் எல்லாம் போகும். ஒவ்வொரு பஸ் ஜன்னலிலும் அக்கிரகாரத்து முகம் ஒன்று தெரிவதாக நினைத்துப் பார்த்து ஸ்ரீகண்டனுக்கு வேர்த்துவிட்டது. பகவதிப்பெருமாளிடம் போய்க் கையைக் கூப்பினார்.

பகவதிப்பெருமாள் கதவைச் சாத்திவிட்டு இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே துண்டு சுற்றி ஒரு பாட்டில். சிவப்பாக ஏதோ நிறைந்திருந்தது.

“சாரே, இந்த டவர் மொத்தத்துக்கும் வைன் குப்பி இது ஒண்ணுதான்.”

“ஒண்ணா?”

“பின்னே! எல்லாரும் உம்மள மாதிரித்தான் வந்து கைய கூப்பினா. நான் யோசிச்சேன். இன்ஸ்பெக்ஷன் ஒரு வீட்டுல நடக்கும்போ அடுத்த வீட்டுல நடக்காதுல்லா? அப்ப ஒரு குப்பி போதும். ஒரு வீட்டுல முடிஞ்சதும் அடுத்த வீட்டுக்குப் போயிரும். நிர்வாகம்னா இதாக்கும்.”

“உள்ள இருக்கறது...”

“ஒரிஜினல் சரக்கு நம்ம கட்டடம் திறந்த உத்காடன தினத்துலயே தீந்துபோச்சு. இப்ப உள்ள இருக்கது பதிமுக வெள்ளம். என் வீட்டுல திளப்பிச்சது.”

வெள்ளம் என்றால் தண்ணீர், பதிமுகம் என்றால் மரச் சீவல். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சிவந்துவிடும். இந்த ஊரில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் முதலில் வந்து நிற்பது அதுதான். ஸ்ரீகண்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா ஒண்ணு,” என்றார் பகவதிப்பெருமாள், குரலைத் தாழ்த்தி. “இது வெளிய தெரிஞ்சா டவருக்கே அந்தஸ்து போச்சு. திவசத்தன்னைக்குக் காலைல பெங்களூர்க்காரரு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உமக்கு என்.ஓ.சி., அதுவும் போச்சு. யாரிட்டயும் மிண்டப்பிடாது.”

போன உயிர் வந்ததுபோலவே மறுபடியும் போனது.

திவசத்தன்று காலையில் அனந்தநாராயண வாத்யார் இரண்டு பிராம்மணர்களோடு கோட்டையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் ஸ்ரீகண்டனின் அப்பாவோடு பழகியவர். அதே கனைப்பு, அதே பார்வை. பிராம்மணர்களை ஹாலில் உட்கார வைத்துவிட்டு அவர் ஏற்பாடுகளைப் பார்க்க அடுக்களைக்கு வந்தார். ஈசான மூலையில் கண் நின்றது.

“எந்தாக்கும் இது? சுவாமிக்குக் கீழே, சோட்டுல, நீல வெளிச்சம்?”

ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார். அதற்குள் சுப்புலக்ஷ்மி மடிப்புடவையில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே சொன்னாள்.

“காய்கறி வெச்சிருக்கேன் மாமா. பழைய ஃப்ரிட்ஜுல எல்லாம் பத்து. இதுல சமைச்சது ஒண்ணும் வெச்சதே இல்லை.”

வாத்யார் குனிந்து பார்த்தார். புடலங்காய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பாட்டிலை அவள் முன் தட்டில், ஒரு வாழை இலைத் துண்டு சுற்றி, புடலங்காயோடு புடலங்காயாக வைத்திருந்தாள். ரூலுக்கு முன் தட்டு, வாத்யாருக்கு இலை.

“பேஷ்! மடி ஃப்ரிட்ஜ்னு சொல்லு. எத்தனை வீட்டுல நான் இதுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், கேட்டியோ. ஸ்ரீகண்டா, உன் அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பர். ஷரி, அக்னி வளர்க்கலாம். சமித்தைக் கொண்டா.”

“கொஞ்சம்... ஒரு கையெழுத்து வரணும் மாமா.”

“அக்னிக்குக் கையெழுத்தா?”

அப்போதுதான் கதவு மணி அடித்தது. பகவதிப்பெருமாள் கமிட்டியோடு உள்ளே வந்தார். அவருக்கு முன்னால், கோட்டு போட்டுக்கொண்டு, வெல்வெட் பை ஒன்றைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞர்.

“மிஸ்டர் சுமந்த். லைஃப்ஸ்டைல் அசெஸர். பெங்களூர்லேருந்து வந்திருக்காரு,” என்றார் பகவதிப்பெருமாள். பிறகு ஸ்ரீகண்டனின் காதில், “சிரியும் ஓய்” என்றார்.

ஸ்ரீகண்டன் சிரித்தார். ஈர வேட்டியோடு, பட்டினி வயிற்றோடு, அப்பாவின் திவசத்தன்று, ப்ரோஷர் பெண்ணைப் போலப் பல் தெரியச் சிரித்தார். வாத்யார் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சுமந்த் அடுக்களை வாசலில் நின்று ப்ரோஷர் படத்தையும் அடுக்களையையும் மாறி மாறிப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைத் தட்டிப் பார்த்தார். கூலரைத் திறந்து தெர்மாமீட்டரை உள்ளே நீட்டினார்.

“ட்வெல்வ் டிகிரி. பர்ஃபெக்ட். இது என்ன, பச்சையா நீளமா?”

“அலங்காரம் சார்,” என்றார் பகவதிப்பெருமாள். “கிராமிய ஸ்டைலு.”

“நைஸ். ரஸ்டிக்.” எழுதிக்கொண்டார். பிறகு இலையை விலக்கிப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

வாத்யாரின் கண் பாட்டிலில் ஒட்டிக்கொண்டது. ஸ்ரீகண்டன் சிரித்த முகத்தை மாற்ற நினைத்தார். அது மாறவில்லை. தசை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது.

சுமந்த் வெல்வெட் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கோப்பையை எடுத்தார். “சார், நிறைய பேர் சும்மா பாட்டிலைப் பார்த்துட்டு மார்க் போடுவாங்க. நான் அப்படி இல்லை. டேஸ்ட் பண்ணாம கையெழுத்துப் போட மாட்டேன். நான் பாரிஸ் போனதில்லை. ஆனா பாரிஸ் போய்ட்டு வந்தவங்களுக்கு நான்தான் ட்ரெய்னிங் குடுக்கறேன்.”

பகவதிப்பெருமாளின் முகம் வெளுத்தது. இதுதான் முதல் வீடு, லேபிளைத் தாண்டி ஒருவர் போவார் என்று அவர் நினைத்ததே இல்லை. சுமந்த் கோப்பையில் ஊற்றினார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கமிட்டி மூச்சு விடாமல் நின்றது.

“மரம்,” என்றார். “நல்ல பழைய மரத்தோட வாசனை.”

அன்று காலை அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டு வாய் குடித்தார். “மலைச் சரிவு திராட்சை. சாயங்கால வெயில் பட்டது. ரொம்ப சீரியஸான ரெட் வைன் சார் இது. கேரளால இப்படி ஒண்ணு நான் குடிச்சதே இல்லை.”

வாத்யார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

“மத்யம். சிராத்த வீட்டுல, சுவாமிக்குச் சோட்டுல, புடலங்காய்க்கு நடுவுல மத்யம்.” குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று ஸ்ரீகண்டனுக்குத் தோன்றியது. “இதுல பண்ணின சமையலை நான் பிராம்மணாளுக்கு இலைல போடச் சொல்லுவேனா? ஸ்ரீகண்டா, நாங்க எறங்கறோம். உன் அப்பா இன்னிக்குப் பட்டினியாப் போகட்டும்.”

அவர் ஹாலைப் பார்த்துத் திரும்பினார். பிராம்மணர்கள் பலகையிலிருந்து எழுந்தார்கள்.

 உண்மையைச் சொன்னால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்றால் அக்னி இல்லை. சொல்லாவிட்டால் வாத்யார் இல்லை. எப்படிப் போனாலும் அப்பாவுக்குச் சாப்பாடு இல்லை. பகவதிப்பெருமாள் கண்ணாலேயே கெஞ்சினார், மிரட்டினார். சுப்புலக்ஷ்மி கரண்டியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். எப்போதும் அவருக்காகப் பேசுகிறவள் இப்போது பேசவில்லை. உங்கள் அப்பா, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வை சொல்லியது.

அறையில் இருந்த எல்லாரிடமும் ஸ்ரீகண்டனுக்குப் பயம்தான். ஆனால் அப்பா வாசல் வரைக்கும் வந்து, காலை நனைத்துக்கொண்டு, இலை போடாத வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை நினைத்தபோது மற்ற பயமெல்லாம் எங்கேயோ ஒதுங்கிக்கொண்டது. வாய் தானாகத் திறந்தது.

“மாமா, போகாதேங்கோ. அது வைன் இல்லை. பதிமுக வெள்ளம். பிரசிடென்ட் வீட்டுல காய்ச்சினது. இந்த டவர்ல வைனே கிடையாது. எல்லா வீட்டுக்கும் இந்த ஒரு குப்பிதான் போறது.”

 பகவதிப்பெருமாள் மேடையைப் பிடித்துக்கொண்டார். 

சுமந்த் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு ஸ்ரீகண்டனைப் பார்த்தார். பிறகு, தான் சொன்ன மலைச் சரிவையும் சாயங்கால வெயிலையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகத்திலும் ஒரு கணம் பயம் வந்து போனதை ஸ்ரீகண்டன் பார்த்தார். தன் முகத்தில் தினம் பார்ப்பது என்பதால் அடையாளம் தெரிந்தது.

“பாருங்க சார்,” என்றார் சுமந்த் கமிட்டியிடம், மெதுவாக. “இதுதான் கல்ச்சர். புதுப் பணக்காரன் தண்ணியக் காட்டி வைன்னு சொல்லுவான். உண்மையான ரசிகன் வைனைக் காட்டி, ‘சும்மா தண்ணி’ன்னு அடக்கமா சொல்லுவான். பதினஞ்சு வருஷ அனுபவத்துல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை.” உடனே கையெழுத்துப் போட்டார். 

“சாருக்கு எப்பவும் தமாஷு ஜாஸ்தி,” என்றார் பகவதிப்பெருமாள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

வாத்யார் நின்ற இடத்திலிருந்தே, “அந்தக் குப்பியை இப்படிக் காட்டு” என்றார். ஸ்ரீகண்டன் மூடியைத் திறந்து நீட்டினார். வாத்யார் தொடாமல் எட்டி மோந்து பார்த்தார்.

“அட ராமா! இது கிழக்கேகோட்டை ஓட்டல்ல மேஜைல வெக்கற வெள்ளமாக்கும். தெனம் காப்பிக்கு முன்னாடி நான் குடிக்கறது.” சுமந்தைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி எந்த ஊரு?”

“அசெஸ்மென்ட் முடிஞ்சுபோச்சு சார். கையெழுத்துப் போட்டா ரிவர்ஸ் பண்ண முடியாது,” என்று சொல்லிவிட்டு சுமந்த் வேகமாக லிஃப்டைப் பார்த்துப் போனார். கமிட்டியும் பின்னால் ஓடியது.

அலாரம் நிறுத்தப்பட்டது. அக்னி வளர்ந்தது. புகை உத்தரத்தைத் தொட்டது. சிவப்புக் கண் சிமிட்டாமல் சும்மா இருந்தது. புடலங்காய்க் கறியும் பாகற்காய்ப் பிட்லையும் இலையில் விழுந்தன. பிராம்மணர்கள் திருப்தியாகச் சாப்பிட்டு, “த்ருப்தாஸ்ம” என்று வாயால் சொன்னார்கள். ஸ்ரீகண்டன் பிண்டத்தை அடுக்களைப் பால்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். இத்தனை உயரத்துக்குக் காக்கை வருமா என்று நடுங்கிக்கொண்டு நின்றார். வந்தது. தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்தது. அப்பாவேதான். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனது. ஸ்ரீகண்டன் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

வாத்யார் கிளம்பும்போது கூலரை இன்னொரு தரம் திறந்து பார்த்தார். “இந்த மடி ஃப்ரிட்ஜ் எந்தக் கடைல கிடைக்கறது? ரெண்டு மூணு வீட்டுல சொல்லணும்.”

அவர்கள் போன பிற்பாடு எதிர் ஃப்ளாட் வினீத் மூச்சிரைக்க வந்து நின்றான். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவன். “அங்கிள், குப்பி! அசெஸர் லஞ்ச் முடிச்சாச்சு. அடுத்தது எங்க வீடு. என் வைஃப் ஷில்பா ப்ரோஷர் மாதிரி சிரிச்சுப் பழகிட்டிருக்கா.”

பாட்டிலில் பாதிதான் இருந்தது. வினீத்தின் முகம் போன போக்கு ஸ்ரீகண்டனுக்கு நன்றாகத் தெரிந்த போக்கு. வீட்டில் பதிமுகம் இல்லை. சுப்புலக்ஷ்மி எள்ளுருண்டைக்குக் காய்ச்சிய வெல்லப் பாகில் மிச்சம் இருந்ததைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மூடியைத் திருகி, குலுக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் முடிவுகள் வந்தன. ஸ்ரீகண்டனின் அடுக்களைக்கு ‘கோல்ட்’. வினீத்தின் அடுக்களைக்கு ‘பிளாட்டினம்’. காரணம் எழுதியிருந்தது: ‘முந்தைய வீட்டைவிட அபூர்வமான வைன். இனிப்பு தானாக இறங்கியிருக்கிறது.’

கூடவே புதுச் சுற்றறிக்கை ஒன்று. அசெஸரின் விசேஷப் பாராட்டை முன்னிட்டு, இனிமேல் எந்த விருந்தாளி வைன் கூலரைப் பார்த்துக் கேட்டாலும், வீட்டுக்காரர், ‘அது வெறும் பதிமுக வெள்ளம், இந்த டவரில் வைனே கிடையாது’ என்று அடக்கத்தோடும் சிரித்த முகத்தோடும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் என்.ஓ.சி. கேட்கிறவர்கள் இதைப் பரிசோதகர் முன்னால் சொல்லிக் காட்ட வேண்டும். மாதிரிக்கு ஸ்ரீகண்டன் சாரை அணுகலாம்.

ஸ்ரீகண்டன் அதை இரண்டு தடவை படித்தார். அறுபத்தைந்து வயதில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக எல்லார் எதிரிலும் சொன்ன ஓர் உண்மை. அது ரூலாகிவிட்டது. அடுத்த திவசத்துக்கு வேறு ஒரு வாத்யார் வந்து கேட்டால், இதே வார்த்தைகளைச் சொன்னால், யார் நம்புவார்கள்?

“சுப்பு, அடுத்த வருஷம் நான் என்ன சொல்றது?”

“கதவைத் தொறந்து புடலங்காயைக் காட்டுங்கோ,” என்றாள் அவள், பாத்திரம் கழுவிக்கொண்டே. “பேச வேண்டாம்.”

அவர் கூலருக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார். நீல வெளிச்சத்தில், கண்ணாடிக் கதவில் அவர் முகம் தெரிந்தது. “அது வெறும் பதிமுக வெள்ளம்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. ரூலில் இருப்பதுபோலச் சிரித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தடவை அசல் பொய் மாதிரியே இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது.